‘அன்லிமிடெட்’ ஹோஸ்டிங்: விளம்பரத்தில் இல்லாத எண்கள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டையிலும் ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் உள்ள கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பதும், அமைத்தவற்றைப் பராமரிப்பதும் என் தொழில். புதிதாக வருகிற வாடிக்கையாளர்களில் பலர் ஹோஸ்டிங்கை, அதாவது தளம் குடியிருக்கும் வாடகை இடத்தை, தாங்களாகவே வாங்கி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் வாங்கியிருப்பதும் பெரும்பாலும் ஒரே வகைதான். மாதம் நூறு ரூபாயை ஒட்டிய விலை, அந்த விலை வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும், இடம் அன்லிமிடெட், பேண்ட்வித் (தளத்திலிருந்து பார்வையாளர்களுக்குப் போகிற தரவின் அளவு) அன்லிமிடெட், ஈமெயில் கணக்குகள் அன்லிமிடெட், முதல் வருடம் டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) இலவசம். இந்த வகைப் பிளான்களைப் பற்றி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், அடுத்து வருபவருக்கு இணைப்பை அனுப்பிவிடலாம்.

முதலில் நிறுவனங்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் அன்லிமிடெட் என்று போட்டிருக்கும் பொருள்களை அவர்கள் பெரும்பாலும் அளப்பதில்லை என்பது உண்மைதான். இடமும் பேண்ட்வித்தும் சாதாரணக் கடைத்தளம் ஒன்றால் தீர்க்க முடியாத பொருள்கள். ஆகவே அவற்றைத் தாராளமாகத் திறந்துவிடுவதில் அவர்களுக்கு நஷ்டமில்லை. எவை தீருமோ அவற்றுக்கு எண் உண்டு. அந்த எண்கள் விலைப்பட்டியலில் இருக்காது. சேவை விதிமுறைகளிலோ, உதவிப் பக்கங்களின் அடியாழத்திலோ, சில சமயம் தளம் நின்ற பிறகு நாம் போடுகிற டிக்கெட்டுக்கு, அதாவது புகாருக்கு, வரும் பதிலிலோதான் இருக்கும்.

தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாபநாசம் அணை நிரம்பியிருந்தாலும், கன்னடியன் கால்வாயில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடினாலும், நம் வயலுக்கு வந்து சேர்வது நம் மடை விடுகிற அளவுதான். ஹோஸ்டிங் விளம்பரம் அணையைக் காட்டுகிறது. மடையின் அகலத்தைச் சொல்வதில்லை.

குறைந்த விலைப் பிளான்கள் எல்லாம் பகிர்ந்த சர்வரில் இயங்குபவை. ஒரே சர்வரில் சில நூறு கணக்குகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஐந்தாறு பக்கங்களும் ஒரு தொடர்புப் படிவமும் மட்டுமே கொண்டவை. பண்டிகைக்குப் பண்டிகை யாராவது எட்டிப் பார்த்தால் உண்டு. என் பராமரிப்பில் இருக்கும் கடைத்தளங்களில் பல 1 ஜிபியைக்கூட எட்டியதில்லை. பயன்படுத்தாதவர்கள் கட்டுகிற பணத்தில்தான் பயன்படுத்துகிறவர்களின் செலவு ஓடுகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் பகிர்ந்த சேவைகள் பலவும் நடக்கின்றன. அந்தக் கணக்கை மறைத்துவிட்டு எல்லையே இல்லை என்று விற்பதில்தான் எனக்குக் குறை.

மறைந்திருக்கும் எண்களில் முதலாவது கோப்புகளின் எண்ணிக்கை. சர்வர்காரர்கள் இதை ஐநோட் என்பார்கள். லினக்ஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ஐநோட் உண்டு. கோப்பு யாருடையது, எவ்வளவு பெரியது, எப்போது மாற்றப்பட்டது, அதன் தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்ற விவரங்கள் அதில் பதிவாகியிருக்கும். ஒரு வரி மட்டுமே உள்ள சிறு கோப்பும் ஓர் ஐநோட்டை எடுத்துக்கொள்ளும், 1 ஜிபி வீடியோவும் ஓர் ஐநோட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே கோப்பு எண்ணிக்கைக்கும் இடத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இடம் அன்லிமிடெட் என்று விற்கிற பிளானில் ஒரு கணக்குக்கு 1 லட்சம், 2 லட்சம், 2.5 லட்சம் ஐநோட்கள் என்பது போன்ற வரம்பு இருப்பது சாதாரணம்.

இந்த வரம்புக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. பல சர்வர்களில் இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், வட்டை ஃபார்மட் செய்யும்போதே மொத்த ஐநோட் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் 16 கேபிக்கு ஓர் ஐநோட் என்பது அதன் வழக்கம். அந்தக் கணக்கில் 1 டிபி வட்டுக்குக் கிடைப்பவை 6,71,08,864 ஐநோட்கள். கணக்குக்கு 2.5 லட்சம் என்று முழுமையாகக் கொடுத்தால் 268 கணக்குகளோடு தீர்ந்துவிடும்; வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும் அதன் பிறகு ஒரு சின்னக் கோப்பைக்கூட எழுத முடியாது. இது போக, பேக்கப் எடுக்கும் மென்பொருளுக்கு ஒரு பெரிய கோப்பைவிட லட்சம் சிறு கோப்புகளைப் பார்த்துப் படிப்பதுதான் சுமை. எனவே வரம்பு வைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். அதை விலைக்குப் பக்கத்தில் எழுதினால் என்ன என்பதுதான் என் கேள்வி.

அம்பாசமுத்திரத்தில் திருமணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவருடைய தளத்தில் இதை நெருங்கிப் பார்த்தேன். தளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிற தளம், ஒவ்வொரு திருமணத்துக்கும் ஓர் ஆல்பம், படங்களை நன்றாகச் சுருக்கி, 3000 பிக்சல் அகலத்தில் ஏற்றுவது அவருடைய பழக்கம். ஒரு நாள் ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து, ஐநோட் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது, குறைக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று மின்னஞ்சல் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “தம்பி, கணக்கு வழக்கே கிடையாதுன்னு சொல்லித்தான வித்தான்? இப்ப வந்து கணக்கு கேக்கான்னா என்ன அர்த்தம்?” என்றார். “அண்ணாச்சி, இடத்துக்குத்தான் கணக்கு இல்ல, எத்தன ஃபைல்ங்கிறதுக்கு இருக்கு” என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில், நானும் அந்த நிறுவனத்து ஆளோ என்ற சந்தேகம் இருந்தது.

வேர்ட்பிரஸில் ஒரு படத்தை ஏற்றினால் சர்வரில் உட்காருவது ஒரு கோப்பு அல்ல. 150, 300, 1024 பிக்சல் அளவுகளில் பிரதிகள் உருவாவது பழைய வழக்கம். 2015இல் வந்த 4.4 பதிப்பு 768 பிக்சல் பிரதியைச் சேர்த்தது. 2019இல் வந்த 5.3 பதிப்பு 1536, 2048 பிக்சல் பிரதிகளைச் சேர்த்ததோடு, 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படமாக இருந்தால் அதைச் சுருக்கி இன்னொரு கோப்பையும் வைத்தது. மூலப்படத்தையும் சேர்த்தால் ஒரு படத்துக்கு 8 கோப்புகள். தளத்தின் தோற்றத்தைத் தருகிற தீமும், கூடுதல் வசதிக்காகச் சேர்க்கிற கேலரி பிளக்இன்னும் தங்களுக்கென்று அளவு கேட்டால் இன்னும் கூடும். ஒரு திருமணத்துக்கு 500 படங்கள் என்று வைத்துக்கொண்டால் 4,000 கோப்புகள். 50 திருமணங்களில் 2 லட்சம். இத்தனையும் சேர்ந்து பிடிக்கிற இடமோ ஏறத்தாழ 50 ஜிபிதான். 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். எல்லையில்லாத இடம் என்று வாங்கிய பொருள், ஒரு பென்டிரைவ் கொள்ளளவிலேயே முட்டி நின்றுவிட்டது.

படங்கள் மட்டும் காரணம் அல்ல என்பது தேடிப் பார்த்தபோது தெரிந்தது. பக்கங்களை வேகமாகக் காட்டுவதற்காக அவற்றின் பிரதியைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளக்இன், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோப்பு, அதன் அழுத்திய வடிவத்துக்கு இன்னொரு கோப்பு என்று குவித்து வைத்திருந்தது. அதைவிட வியப்பு மின்னஞ்சல் பெட்டி. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கிற சிபேனல் என்ற மென்பொருளில் வழக்கமாகப் பயன்படும் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனிக்கோப்பு. டொமைனில் இல்லாத எந்தப் பெயருக்கு வரும் அஞ்சலும் வந்து விழும்படி டீஃபால்ட் அட்ரஸ் திறந்து கிடந்ததால், யாரும் ஒருபோதும் திறக்காத ஒரு பெட்டியில் ஸ்பேம் ஆயிரக்கணக்கில் நிறைந்திருந்தது. அதை அழித்துவிட்டு, இனி அப்படி வருவதைத் திருப்பி அனுப்பும்படி மாற்றினோம். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் மீடியா பகுதியில் தேவையில்லாத அளவுகளுக்குப் பூஜ்யம் போட்டால் அவை உருவாகா; 768, 1536, 2048 ஆகியவற்றை நிறுத்த மட்டும் சிறு நிரல்துண்டோ பிளக்இன்னோ வேண்டும். அமைப்பை மாற்றுவதால் பழைய பிரதிகள் தாமாகப் போய்விடுவதில்லை. அவற்றைத் தனியாக நீக்க வேண்டும். பழைய ஆல்பங்களை வீட்டு ஹார்டுடிஸ்குக்கு இறக்கிக்கொள்ள அண்ணாச்சி முதலில் சம்மதிக்கவில்லை. எந்தப் பெண்வீட்டார் எப்போது இணைப்பைத் திறந்து பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாதாம், அதுவும் நியாயம்தான்.

கோப்பு எண்ணிக்கையைவிட அதிகம் கடிப்பது இரண்டாவது வகை வரம்பு. பகிர்ந்த ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் தங்கள் சர்வர்களில் பயன்படுத்துவது கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம். 2010இல் வெளிவந்த அது, ஒவ்வொரு கணக்கையும் எல்விஇ என்ற தனிக்கூண்டுக்குள் வைத்து, இவ்வளவு சிபியு, இவ்வளவு ரேம், நொடிக்கு இவ்வளவு வட்டு வாசிப்பு, ஒரே நேரத்தில் இத்தனை பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்று அளந்து கொடுக்கிறது. அதற்கு முன்பு, பக்கத்துக் கணக்கில் யாரோ ஒருவருடைய மோசமான பிளக்இன் சர்வர் முழுவதையும் படுக்க வைத்துவிடும். அந்தத் தொல்லை குறைந்தது இந்தக் கூண்டால்தான். அதனால் எனக்கு இதன் மேல் மதிப்பு உண்டு.

அதன் ஆவணங்கள் காட்டும் தொடக்க அளவுகளைப் பாருங்கள்: சிபியுவில் ஒரு கோர், ரேம் 1 ஜிபி, வட்டு வாசிப்பும் எழுத்தும் நொடிக்கு 1,024 கேபி, ஒரே நேரத்தில் நுழையும் பிராசஸ் 20. நிறுவனம் இவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். விலை உயர்ந்த பிளானில் கூட்டித்தான் கொடுப்பார்கள். ஆனால் விளம்பரத்தில் என்விஎம்இ என்ற அதிவேக வட்டு என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கணக்குக்கு நொடிக்கு 1 எம்பி என்று பூட்டி வைத்திருந்தால், அந்த வட்டின் வேகம் வாடிக்கையாளருக்கு எட்டாத பொருள். வட்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி தரக்கூடியதாக இருந்தும் பயன் இல்லை.

20 நுழைவு பிராசஸ் என்பதை 20 பார்வையாளர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி நிரல் ஓடத் தொடங்கி முடிகிற வரையில்தான் அது கணக்கில் இருக்கும். பக்கம் உருவாகி முடிந்ததும் அந்த இடம் காலியாகிவிடும். படங்களும் ஆயத்தமாக இருக்கிற எச்டிஎம்எல் கோப்புகளும் இதில் சேர்வதில்லை. எனவே சாதாரண நாட்களில் இந்த வரம்பு யார் கண்ணிலும் படாது. கூட்டம் வரும் நாளில்தான் படும். அதுவும், எந்த நாளுக்காகத் தளத்தை வைத்திருக்கிறோமோ அந்த நாளில்.

பாளையங்கோட்டையில் பள்ளிச் சேர்க்கை எப்படிப்பட்ட விஷயம் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்கேஜி விண்ணப்பம் காலை 10 மணிக்கு இணையதளத்தில் திறக்கும் என்று ஒரு பள்ளி அறிவித்தால், 9:55க்கே பெற்றோர், தாத்தா, சித்தப்பா என்று வீட்டுக்கு மூன்று செல்போன்கள் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் திறந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு பள்ளியின் தளம் அன்லிமிடெட் பிளானில் இருந்தது. 10 மணிக்குத் திறந்தது, சில நொடிகளில் 508 என்ற எண்ணோடு வளங்களின் வரம்பு முடிந்தது என்ற பிழைப்பக்கம் வந்தது. அலுவலகத்தில் போன் ஓயவில்லை. சர்வர் படுத்துவிட்டது என்று பள்ளியில் நினைத்தார்கள். ஆனால் சர்வர் நன்றாகவே இருந்தது. பள்ளியின் கூண்டு மட்டும்தான் நிறைந்திருந்தது.

அது ஏன் அவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். விண்ணப்பப் பக்கம் ஒவ்வொரு முறையும் வேர்ட்பிரஸையும் படிவப் பிளக்இன்னையும் ஏற்றிக்கொண்டு உருவாக, கால் நொடி சிபியு வேலை ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோர் நொடிக்கு நான்கு பக்கங்களைத்தான் முடிக்கும். நொடிக்குப் பத்துப் பேர் வந்தால், ஒவ்வொரு நொடியும் ஆறு கோரிக்கைகள் பாக்கி நிற்கும். நான்கு நொடி ஆவதற்குள் 20 இடமும் நிறைந்துவிடும். அதன் பிறகு வருபவரைக் கிளவுட்லினக்ஸ் வரிசையில் நிற்க வைப்பதில்லை, 508ஐக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. அவர் என்ன செய்வார்? மறுபடி ரிஃப்ரெஷ் செய்வார். கூட்டம் இன்னும் கூடும். சிபியு வரம்பும் பிராசஸ் வரம்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே போகிற இடம் இது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தாராளமாகத் தோன்றும். விளம்பரத்தில் இருந்த அன்லிமிடெட் பேண்ட்வித் இதற்குள் எவ்வளவு செலவாகியிருக்கும்? பக்கம் 100 கேபி என்று வைத்தால் நொடிக்கு 1 எம்பி. ஒரு மணி நேரம் தடையில்லாமல் இதே வேகத்தில் போயிருந்தாலும் 3.6 ஜிபிதான். ஒருவர் செல்போனில் ஓரிரு சினிமா பார்க்கிற அளவு.

பள்ளிக்காரர்கள் டிக்கெட் போட்டார்கள். தளத்தின் பயன்பாடு அதிகமாகிவிட்டதால் மேல் பிளானுக்கு மாறிக்கொள்ளும்படி பதில் வந்தது. மேல் பிளானில் அந்த 20 எத்தனையாகும் என்று கேட்டதற்கு, உயர்ந்த செயல்திறன் கிடைக்கும் என்று பதில் வந்தது. எண்ணைக் கேட்டால் பெயரடை வருகிறது. இந்த வகைப் பதில்களை எழுதுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டோ என்று நான் நினைப்பதுண்டு.

பிளானை மாற்றாமலே இதற்குப் பாதித் தீர்வு இருந்தது. விண்ணப்பம் எப்போது, என்னென்ன சான்றிதழ், வயது வரம்பு என்ன என்ற அறிவிப்புப் பக்கத்தை வேர்ட்பிரஸிலிருந்து பிரித்து வெறும் எச்டிஎம்எல் கோப்பாக வைத்தோம். பெரும்பாலான கூட்டம் அந்தப் பக்கத்தைப் பார்க்கத்தான் வருகிறது. படிவத்தை மட்டும் அதற்கெனவே உள்ள வெளிச் சேவையில் வைத்தோம். இன்னொன்று, வேர்ட்பிரஸின் காலமுறை வேலைகளைச் செய்யும் கிரான் நிரல், தளத்துக்கு யாராவது வரும்போது அந்த வருகையைச் சாக்காக வைத்து ஓடுவது. கூட்டம் வந்தால் அதுவும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை நிறுத்திவிட்டு, சிபேனலில் உள்ள கிரான் ஜாப் வழியாகக் குறித்த நேரத்துக்கு ஓட வைப்பது நல்லது. சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் என்ற பக்கம் இருந்தால், எந்த நேரத்தில் எந்த வரம்பு முட்டியது என்பதை வரைபடமாக அங்கே பார்க்கலாம். அந்தப் பக்கத்தையே மறைத்து வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு.

மின்னஞ்சலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்குகள் அன்லிமிடெட் என்றால் எத்தனை முகவரி வேண்டுமானாலும் உண்டாக்கலாம் என்று பொருள். எத்தனை அஞ்சல் அனுப்பலாம் என்பதற்கு மணிக்கு இத்தனை என்ற வரம்பு தனியாக இருக்கும். சில நூறுக்குள்தான் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அல்வாவும் மிக்சரும் வெளியூருக்கு அனுப்புகிற கடைக்கு இது போதாது. ஆர்டர் உறுதி அஞ்சல், பார்சல் புறப்பட்ட அஞ்சல், கடைக்கு ஒரு நகல் என்று ஒரு ஆர்டருக்கே மூன்று போய்விடும். வரம்பைத் தாண்டியவை சில இடங்களில் வரிசையில் நிற்கும், சில இடங்களில் போகாமலே நின்றுவிடும். பணம் கட்டியவர் அல்வாவும் வரவில்லை அஞ்சலும் வரவில்லை என்று போன் செய்வார். அஞ்சல் அனுப்புவதற்கென்றே இருக்கிற சேவை ஒன்றைத் தளத்தோடு இணைத்துவிடுவது ஒன்றுதான் வழி.

சேவை விதிமுறைகளில் படிக்க வேண்டியவை இன்னும் சில. இடம் என்பது இணையதளத்தின் கோப்புகளுக்கு மட்டும். பேக்கப் கிடங்காகவோ, கோப்பு பகிரும் இடமாகவோ பயன்படுத்தக் கூடாது என்ற வரி அநேகமாக எல்லோரிடமும் இருக்கிறது. நகைக்கடை அண்ணாச்சி ஒருவர், இடம்தான் தீராது என்கிறானே, சிசிடிவி பதிவுகளை அங்கே ஏற்றி வைத்துவிடலாமா என்று கேட்டார். விளம்பரத்தை மட்டும் படித்தவருக்கு அது மிகச் சரியான யோசனைதான். விதிமுறையைப் படித்தால், ஏற்றிய மறுவாரமே கணக்கு போய்விடும் என்பது தெரியும். கோப்பு எண்ணிக்கையோ மொத்த அளவோ குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் நிறுவனம் தன் தானியங்கி பேக்கப்பிலிருந்து அந்தக் கணக்கை விலக்கிவிடும் என்பது இன்னொரு வரி. இது பிழையாகவோ எச்சரிக்கையாகவோ எங்கும் தோன்றாது. தளம் கெட்டுப்போய்ப் பழைய பிரதியைக் கேட்கிற நாளில்தான், பல மாதமாகப் பிரதியே எடுக்கப்படவில்லை என்பது வெளியே வரும். எல்லா வரம்புகளிலும் எனக்கு மிகவும் கோபம் வருவது இதன் மேல்தான்.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்றால், சொல்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தின் அடியில் போடுகிற குறிப்பு, முக்கியமான தகவலை மறைப்பதற்கோ தவறான கூற்றைத் திருத்துவதற்கோ பயன்படக் கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நாம் வசிக்கிற ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கே விலக்கு. அம்பாசமுத்திரத்து ஸ்டுடியோ அதில் வரக்கூடும். நான்கு கிளை வைத்திருக்கும் ஜவுளிக்கடை வருமா என்பது வழக்கறிஞரைக் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் அன்லிமிடெட் டேட்டா என்று விற்ற பிளான்களில், குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்களின் வேகத்தைக் குறைத்ததற்காக 2014இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. 2019இல் 6 கோடி டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. அங்கேயும் வரம்பு வைத்தது குற்றமாகவில்லை. அன்லிமிடெட் என்று சொல்லி விற்றபோது அதைச் சரிவரத் தெரிவிக்காததுதான் சிக்கலாயிற்று.

எண்ணை வெளியே சொல்லித் தொழில் நடத்த முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இலவசமாகத் தருகிறவர்கள் சொல்கிறார்கள். கிட்ஹப் பேஜஸ், தளம் 1 ஜிபிக்கு மேற்படக் கூடாது, மாதம் 100 ஜிபி பேண்ட்வித் என்பது மென்மையான வரம்பு என்று எழுதியே வைத்திருக்கிறது. கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், இலவசத் திட்டத்தில் ஒரு தளத்துக்கு 20,000 கோப்புகள், ஒரு கோப்புக்கு 25 எம்பி என்று சொல்லிவிடுகிறது. பத்மநேரியிலோ களக்காட்டிலோ இருக்கிற ஒரு சிறு கடையின் ஐந்து பக்கத் தளத்துக்கு இவையே தாராளம். நான் அப்படிச் சிலருக்கு வைத்துக் கொடுத்தும் இருக்கிறேன். காசு வாங்காதவர் அளவைச் சொல்ல, காசு வாங்குகிறவர் அளவே இல்லை என்கிறார்.

ஆகவே இப்போது வாடிக்கையாளருக்காக ஹோஸ்டிங் வாங்குவதற்கு முன்பு, விற்பனைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுகிறேன். ஐநோட் வரம்பு எவ்வளவு. நுழைவு பிராசஸ், சிபியு, ரேம், வட்டு வேகம் ஒவ்வொன்றும் எவ்வளவு. மணிக்கு எத்தனை அஞ்சல். எந்த அளவுக்கு மேல் பேக்கப் நின்றுவிடும். ஒரு தரவுத்தளத்தின் அளவுக்கும் ஒரே நேர இணைப்புகளுக்கும் வரம்பு என்ன. வரம்பு மீறினால் எச்சரிக்கை முதலில் வருமா, முடக்கம் முதலில் வருமா. சாட்டில் கேட்டால் வாய்க்கு வந்தபடி பதில் வரும் என்பதால் மின்னஞ்சலில்தான் கேட்பேன். பின்னாளில் காட்டுவதற்கும் அது உதவும். எண்களோடு பதில் வந்தால் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. 30 ஜிபி இடம், 3 லட்சம் ஐநோட், 40 பிராசஸ் என்று வெளிப்படையாக விற்கிற பிளான், அன்லிமிடெட் என்று போட்டுவிட்டு 20 பிராசஸில் நிறுத்துகிற பிளானைவிடப் பள்ளிக்கு நல்லது. விபிஎஸ், அதாவது நமக்கென்று தனியாகப் பிரித்துத் தருகிற மெய்நிகர் சர்வர், வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் எல்லா எண்ணும் வெளிப்படை, ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பிப்பது முதல் பாதுகாப்பு வரை எல்லாம் நம் தலையில் விழும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கடைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

விலையையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிட வேண்டும். உதாரணமாக மாதம் 99 ரூபாய் என்று மூன்று வருடத்துக்கு வாங்கினால் 3,564 ரூபாய். 18% ஜிஎஸ்டியோடு 4,205 ரூபாய் சொச்சம். அதே பிளானின் ரினியூவல் விலை 299 ஆக இருந்தால், அடுத்த மூன்று வருடத்துக்கு வரியோடு 12,701 ரூபாய் சொச்சம். தானாகப் பணம் எடுக்கும்படி கார்டைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு இது குறுஞ்செய்தியாகத்தான் தெரியவரும்.

இலவச டொமைனை மட்டும் வாங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்கிறேன். டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒரே கணக்கில் இருந்து அந்தக் கணக்கு முடக்கப்பட்டால், தளத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் வழியும் சேர்ந்து அடைபடலாம். சிபேனலில் முழு பேக்கப் எடுக்கும்போது அந்தக் கோப்பும் பொதுவாக நம் கணக்குக்குள்ளேயேதான் உருவாகும் என்பதையும், கணக்கு பெரிதாகிவிட்டால் அந்த வசதியையே நிறுத்திவிடும் நிறுவனங்கள் உண்டு என்பதையும் நினைவில் வைத்து, எச்சரிக்கை அஞ்சல் வருவதற்கு முன்பே பிரதியை எடுத்து வீட்டுக் கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டும். டொமைன் வேறொரு பதிவாளரிடம், கடை உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், புதுச் சர்வரில் அந்தப் பிரதியை ஏற்றி டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டுகிற நேம்சர்வரை மாற்றினால் போதும். பழைய நிறுவனத்தின் டிக்கெட்டுக்குப் பதில் வருவதற்குள் தளம் திறந்துவிடும்.